காட்டுக்குக் கொண்டுபோன விறகு

குலதெய்வத்துக்குப் படையல் என்று நாள் குறித்துவிட்டால் எங்கள் ஆயா முதலில் விறகைத்தான் கேட்பாள். அரிசி, வெல்லம், தேங்காயெல்லாம் அப்புறம். முத்தியால்பேட்டை விறகுத் தொட்டியில் சவுக்கு விறகை எடை போட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார் அப்பா. ஆயா அதில் நன்றாகக் காய்ந்ததாகப் பொறுக்குவாள். பற்றவைக்கத் தென்னம்பாளையும் பன்னாடையும் சேர்த்துக் கோணிச் சாக்கில் கட்டித் திண்ணையில் வைப்பாள். மறுநாள் விடியுமுன் அந்தச் சாக்கு எங்களோடு டெம்போவில் ஏறும். போகிற இடமோ காடு.

காட்டுக்குப் போய் விறகுக்கா பஞ்சம் என்று எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். ஆயா தலையை நிமிர்த்தாமல், சாக்கை முடிந்துகொண்டே பதில் சொன்னாள். “அது காடு இல்லப்பா, அய்யனாரப்பன் ஊடு. விருந்தாடியாப் போன ஊட்ல கூரையப் பிச்சு எவனாச்சும் அடுப்பு எரிப்பானா?”

புதுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கீழ்புத்துப்பட்டு. அங்கே பூரணி, பொற்கலையோடு மஞ்சனீஸ்வரர் அய்யனார் இருக்கிறார். அவரைச் சுற்றிக் காடு. புதுச்சேரி நகரத்தில் மில் வேலைக்கும் நெசவுக்கும் கடை கண்ணிக்கும் வந்து தங்கிவிட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு அவர்தான் குலசாமி. பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து, கல்யாணப் பத்திரிகையின் முதல் படி, புது வண்டிக்குப் பூஜை என்று எதுவானாலும் அவரிடம்தான் ஓடுவோம்.

மணிக்கூண்டைத் தாண்டியதும் கோட்டக்குப்பம். அங்கேயே தமிழ்நாடு வந்துவிடும். சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் கழிந்து காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் முடிந்தால் மீண்டும் தமிழ்நாடு. ஒரு மணி நேரத்துக்குள் இத்தனை எல்லைகள். எங்களுக்கு அவை பெயர்ப்பலகைகள் மட்டும்தான். ஆயாவுக்கு அப்படியில்லை. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் சுதந்திர இந்தியா. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு இராத்திரியிலேயே கிளம்புவார்களாம். கோட்டக்குப்பத்து எல்லையில் வண்டியை நிறுத்தி, படையல் பானையின் வாயைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்களாம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறிய பிறகுதான் அந்தச் சோதனை போனது. “சாமி வேற சீமைல, நாம வேற சீமைல இருந்தோம்டா. ஆனா ஒரு வருசம்கூடப் போவாம இருந்ததில்ல” என்பாள்.

டெம்போவின் ஓரத்தில் உட்கார எங்களுக்குள் சண்டை நடக்கும். ஒரு பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் துண்டு துண்டாக மின்னும். மறு பக்கம் முந்திரித் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, செம்மண். காலாப்பட்டில் அப்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. எல்லாமே ஒரே சீரான வெளிச்சம். முந்திரியும் சவுக்கும் மனிதன் வரிசை பிடித்து வைத்தவை. அவற்றின் நடுவே தூரத்தில் கரும்பச்சையாக ஒரு திட்டு தெரியும். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் “அய்யனாரப்பா!” என்று கத்த வேண்டும். பெரியவர்கள் அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிடுவார்கள். கோபுரத்தைக் கண்டு கும்பிடுகிற ஊர் வழக்கத்தில் நாங்கள் மரங்களைக் கண்டு கும்பிட்டோம்.

உள்ளே நுழைந்த முதல் சில நொடிகள் கண்ணே தெரியாது. வெளியே சித்திரை வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருக்கும். உள்ளே போனால் உடம்பெல்லாம் சட்டென்று குளிரும். மரங்கள் பெரிய உயரமில்லை, தென்னை உயரத்துக்குக்கூட வராது. ஆனால் தலையோடு தலை முட்டி நெருக்கமாக நிற்கும். இலைகள் சிறியவை, தடித்தவை, எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பவை. உதிர்ந்த இலைகூடச் சுருங்காமல் விறைப்பாகக் கிடந்து, காலடியில் அப்பளமாக நொறுங்காமல் வழுக்கும். கிழிந்த வெயில் தரையில் அங்கங்கே காசு காசாக விழுந்திருக்கும். மக்கிய தழை வாசமும் விபூதி வாசமும் கலந்து வரும். எங்கோ செம்போத்து ஒன்று அடித்தொண்டையில் கூப்பிடும்.

என்னை மிகவும் ஈர்த்தவை கொடிகள்தாம். வீட்டில் பார்த்த கொடி என்றால் அவரையும் பூசணியும்தான். இங்கேயோ ஆள் தொடைப் பருமனுக்கு முறுக்கிக்கொண்டு, தரையில் புரண்டு, ஒரு மரத்தில் ஏறி இன்னொரு மரத்தில் இறங்கிக் கிடந்தன. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டபடியே போவேன். மோதிரக்கண்ணிக் கொடியை மாமாதான் காட்டிக்கொடுத்தார். அதன் கிளையில் மோதிரம் மோதிரமாகச் சுருண்ட கொக்கிகள் இருக்கும். அவற்றை மாட்டி மாட்டித்தான் அது மேலே ஏறுகிறது. மஞ்சள் பூ. அந்தக் கொக்கிக்குள் சுண்டு விரலை நுழைத்துப் பார்ப்போம். நுழைக்கலாம், ஒடிக்கக் கூடாது.

விதிகள் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. ஆயா சொல்வதுதான் விதி. கிளை ஒடிக்காதே. சுள்ளி பொறுக்காதே. செருப்பைக் காட்டுக்கு வெளியே விடு. காறித் துப்பாதே. பழம் தின்னலாம், ஆனால் இங்கேயே தின்று கொட்டையை இங்கேயே போடு. மடியில் கட்டிக்கொண்டு போகாதே. மீறினால் என்ன ஆகும் என்று அவள் சொன்னதே இல்லை. கண்ணைக் குத்தும், காலை முடக்கும் என்றெல்லாம் மற்ற கிழவிகள் பயமுறுத்துவார்கள். ஆயா அப்படிப் பயமுறுத்தி நான் கேட்டதில்லை.

ஒரு வருடம் பிரான்சிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. சித்தப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்டவர். விடுமுறைக்கு வந்தால் முதல் காரியம் குலசாமிக்குப் படையல். அவர் மகனுக்கு என் வயது. புதர் ஓரத்தில் வெடித்த காய்க்குள் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி இருப்பதைப் பார்த்து அவன் சொக்கிப்போனான். கை நிறையப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கோயிலை விட்டுக் கிளம்பும்போது பை குலுங்கிய சத்தம் ஆயாவின் காதில் விழுந்துவிட்டது. திட்டவில்லை. அவன் கையைப் பிடித்து அதே புதருக்கு அழைத்துக்கொண்டு போனாள். “எடுத்த எடத்துலயே வையிடா கண்ணு. அவரு கணக்குல இருக்கிறது.” அவனுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தான். ஆயா பக்கத்தில் குந்தியபடி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவன் பாரீஸ் பக்கம் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் தன் பிள்ளைகளையும் கீழ்புத்துப்பட்டுக்கு அழைத்துப்போகிறான்.

காட்டுக்குள் சுடுமண் குதிரைகள் நின்றன. புதுக்குதிரைகள் வண்ணம் மின்ன, சலங்கையும் சேணமுமாக நிமிர்ந்து நிற்கும். அவற்றுக்குப் பின்னால் வண்ணம் போன குதிரைகள். அதற்கும் பின்னால் காது உடைந்தவை, கழுத்தில்லாதவை, வயிற்றுக்குள் செடி முளைத்தவை. கைக்குழந்தை பொம்மைகளும் இருக்கும், வேண்டுதல் நிறைவேறியவர்கள் வைத்தவை. உடைந்த குதிரையை ஏன் ஒட்டவைக்கவில்லை என்று கேட்டேன். “ஒட்டக்கூடாதுடா. செஞ்சு குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது. அப்புறம் அது மண்ணாப் போவணும்” என்றார் மாமா. அய்யனார் இந்தக் குதிரைகளில் ஏறித்தான் இராத்திரியில் ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை. குதிரை செய்கிற குயவர்களே பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசாரிகளாகவும் இருக்கிறார்கள். மண்ணைக் குழைத்தவர் கையாலேயே பூஜை. குளத்து மண்ணில் பிறந்த குதிரை இலையோடு இலையாக மறுபடி மண்ணாகும் வரை அந்தக் காடு அதை வைத்திருக்கும்.

மாமா மடியில் உட்காரவைத்து எனக்குக் காது குத்தியதும் அங்கேதான். வலித்தது நினைவில்லை. அண்ணாந்து அழுதபோது மேலே தெரிந்த இலைக் கூரைதான் நினைவிருக்கிறது. வெட்டவெளியில் மூன்று கல் கூட்டி, கொண்டுவந்த சவுக்கு விறகை எரித்துப் பொங்கல் வைப்போம். பொங்கியதும் குலவை. அடுப்பை அவித்த பிறகு மிஞ்சிய கரியைக்கூட ஆயா சாக்கில் அள்ளிக்கொள்வாள். அணில், தவிட்டுக்குருவி என்று யார் வந்தாலும் பங்கு உண்டு. ஒரு பிடி சோறு மரத்தடியில் வைக்காமல் எங்கள் இலை போடப்படாது.

அந்த ஊரில் ஈழத்து அகதிகளுக்கான முகாமும் இருந்தது. போரிலிருந்து தப்பிக் கடல் தாண்டி வந்தவர்கள். அய்யனாரிடம் அவர்களும் வருவார்கள். ஒருநாள் எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாவுக்கு ஆயா பொங்கல் கொடுத்தாள். அவர் சாப்பிடாமல் எதிரே நின்ற மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அதன் பட்டையைத் தடவினார். “இது வீரையெல்லே அம்மா! எங்கட வன்னிக் காட்டில நிறைய நிக்கும். சின்னப் பிள்ளையில பழம் புடுங்கித் தின்னுவம்” என்றார். ஆயா வியந்துபோனாள். வீரை என்றுதான் நாங்களும் சொல்வோம். இரண்டு பேரும் மரம் மரமாகப் போய்ப் பெயர் சொல்லிப் பார்த்தார்கள். பாலை என்றார் அவர், பாலை என்றாள் ஆயா. நாவல், நாவல். கருங்காலி, கருங்காலி. நான் பின்னாலேயே நடந்தேன். ஊர் இழந்து வந்த ஒருவர் தன் ஊர்க் காட்டை இன்னொரு நாட்டில் கண்டுகொண்ட காட்சி அது என்று புரிய எனக்கு வெகு வருடங்கள் ஆயின.

அவர் கண்டது மெய்தான். கோரமண்டலக் கடற்கரையை ஒட்டிய பட்டையிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் ஒரே இனமான காடு இருக்கிறது. தாவரவியலார் இதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். இங்கே ஆண்டுக்கு 120, 130 சென்டிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தை முடிந்தால் மாதக்கணக்கில் காய்ச்சல். இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலை உதிர்த்து நிற்பதுதான் பொதுவான வழக்கம். இந்த மரங்களோ அக்கினி நட்சத்திரத்திலும் பச்சையாகவே நிற்கின்றன. நான் தொட்டுப் பார்த்த அந்தத் தடித்த, மினுக்கும் இலைதான் இரகசியம். கிடைத்த ஈரத்தை அது எளிதில் ஆவியாக விடாது. கடல்காற்றின் ஈரமும் நடுவே வரும் கோடைமழையும் மிச்சக் காலத்தை ஓட்ட உதவுகின்றன.

இதையெல்லாம் கல்லூரிக் காலத்தில்தான் அறிந்தேன். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் எங்கள் ஊரிலேயே, செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. தென்னிந்தியக் காடுகளுக்கு வரைபடம் போட்டவர்கள், செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அங்கு பணியாற்றிய பிளாஸ்கோவும் லெக்ரியும் மரக்காணம், கோடியக்கரைக் காடுகளைப் பற்றி 1973-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத் தாவரவியலார் கீழ்புத்துப்பட்டிலேயே மரங்களையும் கொடிகளையும் கணக்கெடுத்து அளந்தார்கள். கொடிகள் இவ்வளவு செறிந்திருப்பதே இந்தக் காடுகளின் முக்கிய அடையாளம் என்றும், இவற்றின் மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழம் தருபவை என்றும், பறவையும் மரநாயும் வௌவாலும் தின்று விதை பரப்பித்தான் காடு பிழைக்கிறது என்றும் படித்தேன். பழத்தை அங்கேயே தின்று கொட்டையை அங்கேயே போடச் சொன்ன ஆயாவுக்குப் பள்ளிக்கூட வாசல் தெரியாது. காடு எப்படிப் பிழைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வகைக் காட்டில் மிஞ்சியிருப்பவை சின்னச் சின்னத் திட்டுகள்தாம். வயலும் தோப்பும் வீட்டுமனையும் சூழ்ந்த தீவுகள் என்றே ஆய்வாளர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றையும் யார் காத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். கிண்டிக் காடு ஒருகாலத்தில் ஆளுநரின் வேட்டைக் காடு. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. புலிக்காட் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உண்மையாகவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளத்தின் காவல் மரங்களுக்கும் காவலாயிற்று. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். கீழ்புத்துப்பட்டுக்கு ஆளுநரும் இல்லை, முள்வேலியும் இல்லை. பிரெஞ்சு, ஆங்கிலேய ஆட்சிகள் வந்து போயின; கடற்கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள்; முந்திரி பரவியது; விறகுக்கும் கரிக்கும் மற்ற காடுகள் போயின. இந்த ஒரு திட்டு நின்றது. அய்யனாருக்குக் கொடுத்த வாக்கை ஆயாவைப் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாக மீறாமல் இருந்ததால் நின்றது.

அந்த வாக்கினால் பிழைத்தது இந்த ஒரு காடு மட்டுமல்ல. 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழை அரித்த வெறும் செம்மண். அங்கே காடு வளர்க்க வந்தவர்கள் இந்த மண்ணுக்கு உரிய மரம் எது என்று தேடிக் கடைசியில் போய்ச் சேர்ந்தது கோயில்காடுகளுக்குத்தான். அங்கிருந்து விதை பெற்று நாற்று வளர்த்து நட்டார்கள். இன்று ஆரோவில்லில் காயாவும் வீரையும் கருங்காலியும் நிற்கின்றன என்றால் அவற்றின் தாய்மரங்கள் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு சாமியின் பெயரால் வெட்டுப்படாமல் தப்பியவை.

இப்போது கீழ்புத்துப்பட்டுக்குப் போகும்போது மனம் கலங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. பக்தி பெருகியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வண்டி நிறுத்தவும், கடை போடவும், பந்தி நடத்தவும் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் மரங்களிடமிருந்துதான் வருகிறது. காட்டின் ஓரம் திறந்தால் வெயில் உள்ளே நுழைகிறது. வெயிலோடு உண்ணிச்செடியும் முள்ளும் நுழைகின்றன. நிழலில் முளைத்த வீரைக் கன்று காய்ந்துபோகிறது. பாலித்தீன் பைகளும் தண்ணீர் பாட்டில்களும் இலைச் சருகோடு கிடக்கின்றன. மண்குதிரையைப் போல் அவை மண்ணாகப் போவதில்லை.

நாடு முழுவதும் கோயில்காடுகளைப் பற்றிய கவலை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ராஜஸ்தானத்தில் ஓரண் எனப்படும் கோயில்காடுகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அவற்றை அளந்து காக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் இருக்கும் கழுவேலி ஏரியும் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. அதே கடற்கரையில் இருக்கும் கீழ்புத்துப்பட்டுக் காட்டுக்கும் எல்லைக்கல் நட வேண்டும், வண்டிகளும் கடைகளும் அந்தக் கல்லுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையில்லை.

சட்டம் வரட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியது எங்களிடம் இருக்கிறது. அங்கே மொட்டை போட்டுக்கொண்ட, காது குத்திக்கொண்ட ஒவ்வொரு வீட்டாரும் அந்தக் காட்டின் வாரிசுகள். கல்மண்டபத்துக்கு நன்கொடை எழுதுகிறவர்கள், அந்தப் பணத்தில் காட்டோரத்துக் கன்றுகளுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றச் சொல்லலாம். பந்தியை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளைச் சன்னதியோடு திருப்பி அழைத்து வராமல், உள்ளே கூட்டிப்போய் இது வீரை, இது காயா, இது மோதிரக்கண்ணி என்று தொட்டுக் காட்டலாம். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட மனம் வராது. என் மகளுக்கு நான் அப்படித்தான் காட்டுகிறேன். அய்யனார் காட்டைத் தேடி வந்து உட்கார்ந்தவர். காடு போய்விட்டால் நாம் கட்டித் தருகிற எந்த மண்டபமும் அவருக்கு வீடாகாது.